லாம்டாவை விபிசிக்குள் போட்டபின் 504, இரட்டைப் பதிவு, இடையிடையே கோர்ஸ் பிழை: எங்கிருந்து தொடங்குவது?

வரிசைஎண் (கேள்வி)

கிளினிக்குகளுக்கான டோக்கன் பதிவு ஏபிஐ. ஏடபிள்யூஎஸ்ஸின் (அமேசானின் கிளவுட்) மும்பை ரீஜனில் ஓடுகிறது. இப்போதைய அமைப்பு:

– ஏபிஐ கேட்வே (அழைப்புகளை வாங்கும் வாசல்), ரெஸ்ட் வகை, லாம்டா ப்ராக்ஸி இணைப்பு (அழைப்பை அப்படியே ஃபங்ஷனுக்குத் தருவது)
– எல்லா வழிகளுக்கும் ஒரே லாம்டா ஃபங்ஷன் (அழைப்பு வரும்போது மட்டும் ஓடும் கோட்). பைத்தான் 3.12, நினைவகம் 128 எம்பி, டைம்அவுட் 60 நொடி
– ஆர்டிஎஸ் (ஏடபிள்யூஎஸ் நடத்தும் டேட்டாபேஸ்) போஸ்ட்கிரெஸ், டி3 மைக்ரோ. சைகோபிஜி2 இணைப்பை ஹேண்ட்லருக்கு வெளியே குளோபலாகத் திறக்கிறோம்
– டோக்கன் பதிவானதும் அதே ஃபங்ஷனிலிருந்து வெளிச் சேவை ஒன்றுக்கு எச்டிடிபி அழைப்பு; அது எஸ்எம்எஸ் அனுப்பும்
– உள்நுழைவுக்கு லாம்டா ஆதரைசர் (அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் தனி ஃபங்ஷன்)

டேட்டாபேஸ் இணையத்தில் திறந்து கிடக்கக்கூடாது என்று அதை ப்ரைவேட் சப்நெட்டுக்கு மாற்றி, லாம்டாவையும் அதே விபிசிக்குள் (எங்கள் தனி நெட்வொர்க்) கொண்டுவந்தோம். அதிலிருந்து:

1. பதிவு செய்யும் போஸ்ட் அழைப்புக்கு 29 நொடி கழித்து 504 (நேரம் கடந்தது என்ற பிழை) வருகிறது. ஆனால் டேபிளில் டோக்கன் ஏறியிருக்கிறது. எஸ்எம்எஸ் போவதில்லை. பட்டியல் காட்டும் கெட் அழைப்புகளில் சிக்கல் இல்லை.
2. மொபைல் ஆப் தானாக ஒருமுறை மறுமுயற்சி செய்கிறது. ஒரே நோயாளிக்கு இரண்டு டோக்கன்.
3. காலை 9 மணி நெரிசலில் "ரிமெய்னிங் கனெக்‌ஷன் ஸ்லாட்ஸ் ஆர் ரிசர்வ்ட்" என்று போஸ்ட்கிரெஸ் கைவிரிக்கிறது. அந்த நேரத்தில் நொடிக்கு 2 பதிவுதான் வருகிறது!
4. வெப் பக்கத்தில் சிலசமயம் கோர்ஸ் பிழை (வேறு டொமைனின் பதிலை ப்ரவுசர் தடுப்பது). அதே அழைப்பு போஸ்ட்மேனில் 200 தருகிறது.
5. சும்மா கிடந்தபின் வரும் முதல் அழைப்புக்கு 6 நொடி ஆகிறது.

லாக்குகள் கிளவுட்வாட்சுக்குப் (லாக் சேமிக்கும் சேவை) போய்க்கொண்டுதான் இருக்கின்றன, ஆகவே இணைய இணைப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். டேட்டாபேஸைப் பெரிதாக்குவதா, கேட்வேயின் மலிவான வகையான எச்டிடிபி ஏபிஐக்கு மாறுவதா, ப்ரொவிஷண்ட் கன்கரன்சி (முன்கூட்டியே தயாராக நிற்கும் லாம்டா) வாங்குவதா?

---

குளத்தங்கரை

மூன்றும் இப்போது வேண்டாம். உங்கள் பட்டியலில் முதல் மூன்றும் தனித்தனி நோய் இல்லை, ஒரே சங்கிலி.

லாக் போவதை வைத்து இணையம் இருப்பதாக முடிவுகட்ட முடியாது. ஃபங்ஷனின் லாக்கை லாம்டா சேவையே எடுத்துச் செல்கிறது. அது உங்கள் சப்நெட் வழியாகப் போவதில்லை. விபிசியோடு இணைத்த ஃபங்ஷனுக்கு பப்ளிக் ஐபி கிடைக்காது. பப்ளிக் சப்நெட்டில் போட்டாலும் கிடைக்காது, பலர் இதில் அரைநாள் தொலைப்பார்கள். நாட் கேட்வே போன்ற ஒரு வெளிவழி இல்லாவிட்டால் எஸ்எம்எஸ் சேவைக்குப் போகும் பாக்கெட் எங்கும் போய்ச் சேராது. ‘மறுக்கப்பட்டது’ என்ற பதிலும் வராது. ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு நீங்கள் டைம்அவுட் கொடுக்கவில்லை என்றால் அது தானாக விலகாது. உங்கள் ஃபங்ஷன் 60 நொடி முழுக்க அங்கேயே நின்றிருக்கும்.

இப்போது மற்றவை தானாக விளங்கும். கமிட் (டேபிளில் எழுதியது உறுதி) ஆனபிறகுதான் எஸ்எம்எஸ் அழைப்பு என்பதால் டோக்கன் ஏறிவிடுகிறது. ரெஸ்ட் ஏபிஐயின் இயல்பான இன்டக்ரேஷன் டைம்அவுட் 29 நொடி. அது 504 கொடுத்துவிட்டுப் போய்விடும். ஆனால் கேட்வே கைவிட்டதால் லாம்டா நிற்காது, தன் 60 நொடி முடியும்வரை ஓடும். அதற்குள் ஆப் மறுமுயற்சி செய்யும், இரண்டாவது டோக்கன் விழும்.

கனெக்‌ஷன் கணக்கு: லாம்டாவின் ஒரு எக்ஸிக்யூஷன் என்விரான்மென்ட் (ஃபங்ஷனின் ஓடும் ஒரு பிரதி) ஒரு நேரத்தில் ஒரு அழைப்பைத்தான் கவனிக்கும். ஒரே சமயத்தில் எத்தனை தேவை என்பது நொடிக்கு வரும் அழைப்பு × ஒரு அழைப்புக்கு ஆகும் நொடி. தொங்காத அழைப்பு 0.4 நொடி என்று கொண்டால் 2 × 0.4 = 0.8, அதாவது ஒன்றோ இரண்டோ போதும். நீங்கள் 60 நொடி பிடித்து வைத்திருப்பதால் 2 × 60 = 120. மறுமுயற்சிகளையும் சேர்த்தால் இன்னும் மேலே. ஒவ்வொன்றிலும் ஒரு குளோபல் கனெக்‌ஷன். டி3 மைக்ரோவில் நினைவகம் 1 ஜிபி. ஆர்டிஎஸ் போஸ்ட்கிரெஸ் சூத்திரம் நினைவக பைட்டை 9531392ஆல் வகுப்பது, அதாவது அதிகபட்சம் 112. ஓஎஸ் எடுத்துக்கொள்வது போக அதற்கும் குறைவுதான் கையில் கிடைக்கும். டேட்டாபேஸை இருமடங்காக்கினால் நெரிசல் 9:01க்குப் பதில் 9:02க்கு வரும், அவ்வளவுதான்.

இன்றே செய்யவேண்டியது டைம்அவுட்களை உள்ளிருந்து வெளியே ஏறுவரிசையில் அடுக்குவது. உள்ளே இருப்பது எப்போதும் முதலில் கைவிட வேண்டும்:

– எஸ்எம்எஸ் அழைப்பு: இணைக்க 2 நொடி, படிக்க 3 நொடி
– போஸ்ட்கிரெஸ் கனெக்ட் டைம்அவுட் 3 நொடி, ஸ்டேட்மென்ட் டைம்அவுட் 5 நொடி
– லாம்டா டைம்அவுட் 15 நொடி
– கேட்வே 29 நொடி, அப்படியே இருக்கட்டும்
– ஆப் 30 நொடி

லாம்டா டைம்அவுட்டின் டீஃபால்ட் 3 நொடி. அது போதவில்லை என்று 60, 300 என்று ஏற்றிவிடுவது வழக்கமான தவறு. கேட்வேக்குப் பின்னால் நிற்கும் ஃபங்ஷனுக்கு 29ஐத் தாண்டி வைப்பதில் ஒரு பயனும் இல்லை. யாரும் வாங்கிக்கொள்ளாத பதிலுக்காகக் காசு கொடுக்கிறோம்.

இரட்டைப் பதிவு இதோடு குறையும், ஒழியாது. மொபைல் நெட்வொர்க்கில் பதில் வழியில் தொலையத்தான் செய்யும். ஆப் ஒவ்வொரு பதிவு முயற்சிக்கும் ஒரு யுயுஐடி (தனித்த அடையாள எண்) உருவாக்கி ஹெடரில் அனுப்பட்டும். மறுமுயற்சியிலும் அதே எண் போகவேண்டும் (பட்டனை அழுத்தும்போது உருவாக்குங்கள், எச்டிடிபி அழைப்புக்குள் உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புதிது விழும்). டேபிளில் அந்த எண் இருக்கும் நெடுவரிசைக்கு யுனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை ஏறாது). இன்சர்ட்டில் ‘ஆன் கான்ஃபிளிக்ட் டூ நத்திங்’. வரிசை எதுவும் திரும்பாவிட்டால் பழைய டோக்கனை செலக்ட் செய்து அதையே 200ஆகக் கொடுங்கள். ‘முதலில் செலக்ட், இல்லை என்றால் இன்சர்ட்’ என்று தலைகீழாக எழுதினால் இரண்டு அழைப்பு ஒரே நொடியில் வரும்போது இரண்டுமே ‘இல்லை’ என்று படித்துவிட்டு இரண்டுமே எழுதும்.

---

மடைவாய்

மேலே சொன்னது சரி. எஸ்எம்எஸ் வெளியே போக என்ன வழி என்பதைச் சேர்க்கிறேன்.

நாட் கேட்வே எளிது, ஆனால் உங்கள் அளவுக்கு அதுதான் பில்லின் பெரும்பகுதி ஆகும். வர்ஜீனியா விலையில் கணக்கு சொல்கிறேன், மும்பையில் கொஞ்சம் கூடும். மணிக்கு 0.045 டாலர், மாதம் 730 மணி: 32.85 டாலர். கடந்துபோகும் ஒவ்வொரு ஜிபிக்கும் 0.045 தனி. இதோடு ஒப்பிட, மாதம் 3 லட்சம் அழைப்பு, ஒவ்வொன்றும் 250 மில்லிநொடி, 512 எம்பி என்றால் 37,500 ஜிபி-நொடி. லாம்டாவின் மாத இலவச அளவு 4,00,000 ஜிபி-நொடி, 10 லட்சம் அழைப்பு. இலவசம் இல்லாமலே கணக்குப் போட்டாலும் ஒரு டாலரைத் தொடாது. ரெஸ்ட் கேட்வே 10 லட்சத்துக்கு 3.50, உங்களுக்கு 1.05 டாலர். ஆக, எஸ்எம்எஸ் ஒன்றுக்காக மட்டும் மாதம் 33 டாலர் கதவு வைக்கிறீர்கள்.

"எஸ்க்யூஎஸ்ஸில் (செய்தி வரிசைச் சேவை) போட்டு வெளியே இருக்கும் இன்னொரு ஃபங்ஷன் எடுத்து அனுப்பட்டும்" என்று யாராவது சொல்வார்கள். எண்ணம் நல்லது, ஆனால் விபிசிக்குள் இருந்து எஸ்க்யூஎஸ்ஸை எட்டவும் வழி வேண்டும். இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட் (விபிசிக்குள்ளிருந்து அந்தச் சேவைக்குத் தனி வழி) போட்டால் ஒவ்வொரு அவைலபிலிட்டி ஜோனுக்கும் மணிக்கு 0.01; இரண்டு ஜோனுக்கு மாதம் 14.60. பாதி விலை, இலவசம் இல்லை.

எஸ்3 (கோப்புச் சேமிப்பு), டைனமோடிபி (இன்னொரு டேட்டாபேஸ் சேவை) இரண்டுக்கு மட்டும் கேட்வே வகை எண்ட்பாயிண்ட் உண்டு, அதற்குக் கட்டணம் கிடையாது. அதனால் எனக்குப் பிடித்த அமைப்பு:

பதிவு ஃபங்ஷன் விபிசிக்குள் இருக்கும். டோக்கனை போஸ்ட்கிரெஸ்ஸில் எழுதியதும், அனுப்பவேண்டிய செய்தியை ஒரு டைனமோடிபி டேபிளில் போடும், உடனே பதில் தரும். அந்த டேபிளின் ஸ்ட்ரீம் (மாற்றங்களின் தொடர்பட்டியல்) இரண்டாவது ஃபங்ஷனைத் தூண்டும். இரண்டாவதை விபிசியோடு இணைக்கவே வேண்டாம். அதற்கு இணையம் இயல்பாகவே இருக்கும்.

அமைக்கும்போது தவறும் இடங்கள்: எண்ட்பாயிண்ட்டை லாம்டா இருக்கும் சப்நெட்டின் ரூட் டேபிளோடு இணைக்க மறப்பது (மறந்தால் பழையபடி தொங்கும்). லாம்டாவின் செக்யூரிட்டி குரூப்பில் வெளிச்செல்லும் 443 போர்ட்டை அடைத்து வைத்திருப்பது. ஸ்ட்ரீம் மேப்பிங்கில் ரீட்ரை எண்ணிக்கையை வரையறுக்காமல் விடுவது. இந்த மூன்றாவதுதான் ஆபத்து. ஒரு தவறான போன் எண் வந்து ஃபங்ஷன் எக்ஸெப்ஷன் எறிந்தால், அந்த ரெக்கார்டு 24 மணி நேரம், அதாவது ஸ்ட்ரீமிலிருந்து காலாவதி ஆகும்வரை, திரும்பத் திரும்ப முயலப்படும்; அதே ஷார்டில் (ஸ்ட்ரீமின் ஒரு பிரிவு) பின்னால் நிற்பவை எல்லாம் காத்திருக்கும். ரீட்ரை 3, தோல்வி போய்ச்சேர ஒரு எஸ்க்யூஎஸ், இவ்விரண்டையும் முதல் நாளே வையுங்கள்.

போஸ்ட்கிரெஸ் கமிட்டும் டைனமோ எழுத்தும் ஒரே ட்ரான்சாக்‌ஷன் இல்லை என்பது தெரிந்ததே. நடுவில் ஃபங்ஷன் செத்தால் டோக்கன் இருக்கும், எஸ்எம்எஸ் போகாது. டோக்கன் அறிவிப்புக்கு இது தாங்கும். பணப் பரிமாற்றமாக இருந்தால் போஸ்ட்கிரெஸ்ஸிலேயே ஒரு அவுட்பாக்ஸ் டேபிள் வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை வெளி ஃபங்ஷன் உள் ஃபங்ஷனை அழைத்து நிலுவையை வாங்கிப்போகச் செய்வேன். வெளியிலிருந்து உள்ளிருக்கும் ஃபங்ஷனை இன்வோக் செய்வதில் தடை இல்லை, லாம்டாவின் பொது ஏபிஐ வழியாக நடக்கும். எதிர்த்திசையில்தான் வழி கேட்கும்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டை சீக்ரெட்ஸ் மேனேஜரிலிருந்து ஓட்டத்தில் எடுக்கிறீர்களா? அதுவும் இதே சுவரில் முட்டும். ஐஏஎம் (ஏடபிள்யூஎஸ்ஸின் அனுமதி முறை) டேட்டாபேஸ் ஆதென்டிகேஷன் போட்டால் உள்நுழைவு டோக்கனை ஃபங்ஷனே உள்ளூரில் கையொப்பமிட்டு உருவாக்கிக்கொள்ளும், நெட்வொர்க் அழைப்பு இல்லை. 15 நிமிடம் செல்லும்; ஏற்கெனவே திறந்த இணைப்பை அது அறுக்காது. டிஎல்எஸ் (மறையாக்கிய இணைப்பு) கட்டாயம்.

---

குளத்தங்கரை

டைனமோ வழி எனக்கும் சம்மதம். குளோபல் கனெக்‌ஷன் பற்றி விட்டுப்போன ஒன்று.

குளோபலாக வைப்பது சரிதான், ஆனால் ட்ரான்சாக்‌ஷனை மூடாமல் விட்டால் அடுத்த அழைப்புக்காரர் தண்டம் கட்டுவார். ஒரு குவெரியில் பிழை விழுந்து ரோல்பேக் செய்யாமல் ஹேண்ட்லர் திரும்பினால், அதே என்விரான்மென்ட்டுக்கு வரும் அடுத்த அழைப்பு ‘கரண்ட் ட்ரான்சாக்‌ஷன் இஸ் அபார்டட்’ என்று விழும். லாக்கில் பார்த்தால் சம்பந்தமே இல்லாத கெட் அழைப்பு செத்திருக்கும். ஹேண்ட்லரின் ஃபைனலி பகுதியில் ரோல்பேக் ஒன்று எப்போதும் இருக்கட்டும். கமிட்டுக்குப் பிறகு அது தீங்கு செய்யாது.

இரண்டு அழைப்புகளுக்கு நடுவே என்விரான்மென்ட் உறைந்து கிடக்கும். அந்நேரம் டேட்டாபேஸ் பக்கம் இணைப்பு அறுந்திருக்கலாம். ‘ஆபரேஷனல் எர்ரர்’ வந்தால் ஒருமுறை மட்டும் புதிதாக இணைத்து முயலுங்கள். இதே உறைதலால்தான் திரெட்டில் எஸ்எம்எஸ்ஸை விட்டுவிட்டு பதிலைத் திருப்பும் குறுக்குவழியும் உதவாது: பதில் போனதும் திரெட்டும் உறையும், அடுத்த அழைப்பு வரும்போது பாதியிலிருந்து விழிக்கும், அல்லது விழிக்கவே விழிக்காது.

ஒரு உச்சவரம்பும் வேண்டும். ரிசர்வ்ட் கன்கரன்சி (ஒரே சமயத்தில் ஓடக்கூடிய எண்ணிக்கை) 40 என்று வைத்தால் இந்த ஃபங்ஷன் 40 கனெக்‌ஷனைத் தாண்டாது. புதுக் கணக்கில் இந்த அமைப்பை மாற்றப் போனால் பிழை வரலாம். கணக்கின் மொத்தக் கன்கரன்சியில் 100 எப்போதும் ஒதுக்கப்படாமல் இருக்கவேண்டும் என்பது விதி. பொதுவான வரம்பு 1000 என்றாலும் புதுக் கணக்குகளுக்குக் குறைவாகவே தருகிறார்கள். சர்வீஸ் கோட்டா பக்கத்தில் விண்ணப்பித்து ஏற்றியபிறகுதான் ஒதுக்க முடியும்.

ஆர்டிஎஸ் ப்ராக்ஸி (டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் இடைச்சேவை) இப்போது தேவையில்லை. குறைந்தது 2 விசிபியுவுக்குக் கட்டணம், வர்ஜீனியாவில் மாதம் 22 டாலர் அளவு. வாங்கினாலும், செஷனில் ‘செட்’ கட்டளை போட்டால் இணைப்பு அந்தச் செஷனோடு கட்டிப்போடப்படும், பகிர்வே நடக்காது.

---

திண்ணைக்காரன்

4வது கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன்.

ப்ரவுசர் ‘கோர்ஸ்’ என்று சொன்னால் பாதி நேரம் அது கோர்ஸே இல்லை. ப்ராக்ஸி இணைப்பில் ‘ஆக்சஸ் கன்ட்ரோல் அலவ் ஆரிஜின்’ ஹெடரை உங்கள் பைத்தான் கோட்தான் போடுகிறது. ஃபங்ஷன் ஓடவே இல்லை என்றால், அல்லது 504, 502 என்று கேட்வேயே பதில் சொன்னால், அந்தப் பதிலில் ஹெடர் இருக்காது. ப்ரவுசர் உண்மையான ஸ்டேட்டஸை ஸ்கிரிப்ட்டிலிருந்து மறைத்துவிட்டு கோர்ஸ் மீது பழி போடும். போஸ்ட்மேனுக்கு இந்த விதி எதுவும் கிடையாது.

தீர்வு: கேட்வே ரெஸ்பான்சஸ் பகுதியில் டீஃபால்ட் 4எக்ஸ்எக்ஸ், டீஃபால்ட் 5எக்ஸ்எக்ஸ் இரண்டிலும் அந்த ஹெடரைச் சேருங்கள். மதிப்பை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதவேண்டும், இல்லாவிட்டால் ஏற்காது. பிறகு ‘டிப்ளாய் ஏபிஐ’. ரெஸ்ட் வகையில் எதை மாற்றினாலும் ஸ்டேஜுக்கு டிப்ளாய் செய்யும்வரை பழையதே ஓடும். இதை மறந்துவிட்டு கோட்டைத் திருத்திக்கொண்டிருப்பது உலக வழக்கம். குக்கி அனுப்புகிறீர்கள் என்றால் நட்சத்திரக் குறி செல்லாது, முழு டொமைனை எழுதவேண்டும்.

உங்கள் ‘சிலசமயம்’ என்ற சொல் எனக்கு வேறொன்றையும் நினைவூட்டுகிறது. லாம்டா ஆதரைசரின் விடையை ரெஸ்ட் ஏபிஐ இயல்பாக 300 நொடி கேஷில் வைக்கும், உள்நுழைவு டோக்கனைச் சாவியாகக் கொண்டு. உங்கள் ஆதரைசர் வந்த மெத்தட் ஏஆர்எனை (அழைக்கப்பட்ட அந்த ஒரு வழியின் அடையாளம்) அப்படியே பாலிசியின் ரிசோர்சில் போட்டு அனுமதி தருகிறதா? அப்படியானால் முதலில் பட்டியல் பக்கத்தைத் திறந்தவருக்குப் பட்டியலுக்கு மட்டும் அனுமதி கேஷ் ஆகும். அடுத்த 5 நிமிடத்துக்குள் அவர் பதிவு செய்யப் போனால் 403. ஹெடர் இல்லாத 403 என்பதால் திரையில் தெரிவது கோர்ஸ். ஐந்து நிமிடம் கழித்து தானாகச் சரியாகும், நீங்களும் ‘நெட்வொர்க் போல’ என்று விட்டுவிடுவீர்கள். பாலிசியின் ரிசோர்சில் அந்த ஸ்டேஜ் முழுவதையும் நட்சத்திரக் குறியால் அனுமதித்து, யாருக்கு எது என்பதை ஃபங்ஷனுக்குள் முடிவு செய்யுங்கள். கேஷை 0 ஆக்கினாலும் தீரும், ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் ஆதரைசர் ஓடும், இரண்டு கோல்ட் ஸ்டார்ட் (புது என்விரான்மென்ட் எழ ஆகும் தாமதம்) வாங்க நேரிடும்.

இன்னும் சில முகமூடிகள், தெரிந்து வைத்துக்கொள்ள:

403இல் ‘மிஸ்ஸிங் ஆதென்டிகேஷன் டோக்கன்’ என்று வந்தால் டோக்கனைத் தேடாதீர்கள். பெரும்பாலும் பாதையோ மெத்தடோ தவறு. ஸ்டேஜ் பெயரை முகவரியில் விட்டிருப்பீர்கள்.

502 வந்து ஃபங்ஷன் லாக் சுத்தமாக முடிந்திருந்தால், திருப்பிய வடிவம் தவறு. ஸ்டேட்டஸ் கோட் எண்ணாக, பாடி ஸ்ட்ரிங்காக இருக்கவேண்டும். டிக்‌ஷனரியை அப்படியே பாடியில் வைத்தால் இதுதான் நடக்கும்.

500 வந்து ஃபங்ஷன் லாக்கில் ஒரு வரிகூட இல்லை என்றால், கேட்வேக்கு அந்த ஃபங்ஷனை அழைக்க அனுமதி இல்லை. கன்சோலில் இணைத்தால் அனுமதி தானாகச் சேரும். கையால் டெம்ப்ளேட் எழுதும்போதும், அலியாஸுக்கு (வெர்ஷனைச் சுட்டும் பெயர்) மாற்றும்போதும் விடுபடும். அலியாஸுக்கு அனுமதி தனி.

---

வரிசைஎண்

ஆதரைசர் யூகம் சரி, அதே மெத்தட் ஏஆர்என்தான். ரிசோர்சை மாற்றியதும் 403 நின்றது. டைம்அவுட்களை அடுக்கி, எஸ்எம்எஸ்ஸைத் தற்காலிகமாக எடுத்துவிட்டேன். பதிவு அழைப்பு 700 மில்லிநொடிக்கு வந்துவிட்டது, கனெக்‌ஷன் எண்ணிக்கை 6ஐத் தாண்டவில்லை. டைனமோ வழியை அமைக்கப்போகிறேன்.

மீதி இரண்டு: கோல்ட் ஸ்டார்ட். பிறகு, இதுவரை கன்சோலில் கையால்தான் ஏற்றுகிறோம். இரண்டாவது ஃபங்ஷன், டேபிள், ஸ்ட்ரீம் எல்லாம் வரும்போது அப்படி முடியாது. சாம் (டெம்ப்ளேட்டிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றும் ஏடபிள்யூஎஸ் கருவி) போதுமா? வழிக்கு ஒரு ஃபங்ஷன் என்று பிரிக்கவேண்டுமா?

---

பதிவேடு

கோல்ட் ஸ்டார்ட்டுக்கு முதலில் ரிப்போர்ட் வரியைப் படியுங்கள். ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் லாக்கில் விழும். ‘இனிட் டியூரேஷன்’ என்ற பகுதி கோல்ட் ஸ்டார்ட்டில் மட்டும் இருக்கும். 6 நொடியில் அது எவ்வளவு, ஹேண்ட்லருக்குள் எவ்வளவு என்று பிரியும்.

லாம்டாவில் சிபியு தனியாகக் கிடையாது, நினைவகத்தோடு சேர்ந்து ஏறும். 1,769 எம்பிக்கு ஒரு முழு விசிபியு. 128 எம்பியில் உங்களுக்குக் கிடைப்பது அதில் 7 சதவீதம். ‘மேக்ஸ் மெமரி யூஸ்ட் 95 எம்பி, ஆகவே 128 போதும்’ என்பது சரியாகத் தெரியும் தவறான முடிவு: டிஎல்எஸ் கைகுலுக்கல், ஜேசன் பிரிப்பு எல்லாம் அந்த 7 சதவீதத்தில்தான் நடக்கிறது. 512க்கு ஏற்றி அளந்துபாருங்கள். 128 எம்பியில் 2,400 மில்லிநொடி என்றால் 0.3 ஜிபி-நொடி, 512இல் அதுவே 500 மில்லிநொடி ஆனால் 0.25. வேகமும் கூடும், செலவும் குறையும். 256, 512, 1024 மூன்றிலும் ஓட்டி, செலவு மீண்டும் ஏறத் தொடங்கும் இடத்துக்கு முன்னால் நில்லுங்கள்.

அடுத்தது இம்போர்ட். ஒரே ஃபங்ஷன் என்கிறீர்கள். மாத அறிக்கைக்காக பாண்டாஸ் மாதிரி ஏதாவது உள்ளே இருந்தால் டோக்கன் பதிவு செய்பவரும் அதற்காகக் காத்திருக்கிறார். இங்கேதான் உங்கள் பிரிக்கும் கேள்விக்கு விடை. வழிக்கு ஒன்று என்று 20 ஃபங்ஷன் ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை: குறைவாக அழைக்கப்படும் ஒவ்வொன்றும் எப்போதும் கோல்டாகவே கிடக்கும். அனுமதியும் சுமையும் எங்கே மாறுகிறதோ அங்கே வெட்டுங்கள். டோக்கன் ஏபிஐ ஒன்று, எஸ்எம்எஸ் ஒன்று, அறிக்கை ஒன்று. அறிக்கை 29 நொடியைத் தாண்டும் என்றால் அதைக் கேட்வேக்குப் பின்னால் நிறுத்தவே வேண்டாம். 202 கொடுத்து, கோப்பை எஸ்3இல் எழுதி, ப்ரீசைண்ட் இணைப்பை (கொஞ்ச நேரம் மட்டும் செல்லும் பதிவிறக்க முகவரி) வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். லாம்டா நேரடியாகத் திருப்பும் பதிலுக்கு 6 எம்பி வரம்பும் உண்டு, பிடிஎஃப் போன்றவை பேஸ்64 ஆகும்போது மூன்றில் ஒரு பங்கு வீங்கும்.

இதற்குப் பிறகும் 9 மணிக்குத் தாமதம் பொறுக்கவில்லை என்றால் பைத்தானுக்கு ஸ்னாப்ஸ்டார்ட் (தொடங்கிய நிலையைச் சேமித்து அதிலிருந்து எழுவது) உண்டு, அல்லது 8:45 முதல் 10:00 வரை மட்டும் ப்ரொவிஷண்ட் கன்கரன்சி 3 என்று நேர அட்டவணை போடலாம். இரண்டும் பப்ளிஷ் செய்த வெர்ஷனில்தான் வேலை செய்யும், லேட்டஸ்டில் செய்யாது.

சாம் தாராளமாகப் போதும். செய்யும் முறை:

டெம்ப்ளேட்டில் ஃபங்ஷன்கள், டேபிள், ஸ்ட்ரீம் மேப்பிங், ஏபிஐ எல்லாம் ஒரே கோப்பு. ‘சாம் பில்ட்’ கட்டளையை ‘யூஸ் கன்டெய்னர்’ தேர்வோடு ஓட்டுங்கள். சைகோபிஜி2வில் சி மொழியில் கம்பைல் ஆன பகுதி இருக்கிறது; மேக்கிலோ விண்டோஸிலோ பொதிந்து ஏற்றினால் இம்போர்ட்டிலேயே விழும். ஃபங்ஷன் ஆர்ம்64, பில்ட் எக்ஸ்86 என்று ப்ராசஸர் வகை மாறினாலும் இதே கதி. முதல்முறை ‘சாம் டிப்ளாய் கைடட்’. கேட்கும் கேள்விகளுக்குத் தந்த விடைகள் சாம்கான்ஃபிக் கோப்பில் சேமிக்கப்படும், பிறகு வெறும் டிப்ளாய் போதும். டெஸ்ட்டுக்கும் ப்ரொடக்‌ஷனுக்கும் தனித்தனி ஸ்டாக் (ஒன்றாக ஏற்றப்படும் தொகுதி), முடிந்தால் தனித்தனி ஏடபிள்யூஎஸ் கணக்கு. ஒரே கணக்கில் ஸ்டேஜ் மட்டும் பிரித்தால் கன்கரன்சி வரம்பு பொதுவாகவே இருக்கும். டெஸ்ட்டில் லோடு ஏற்றினால் கிளினிக்கில் வரிசை நிற்கும்.

‘ஆட்டோ பப்ளிஷ் அலியாஸ்: லைவ்’ என்று ஒரு வரி. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் வெர்ஷன் உருவாகி அலியாஸ் அதற்கு நகரும். ‘டிப்ளாய்மென்ட் ப்ரிஃபரன்ஸ்’ பகுதியில் கேனரி 10 சதவீதம், 5 நிமிடம் (முதலில் 10 சதவீத அழைப்பு மட்டும் புதிய கோடுக்கு). எர்ரர் அலாரம் அடித்தால் தானாகப் பழைய வெர்ஷனுக்குத் திரும்பும். கவனம்: கோட் மாறாமல் என்விரான்மென்ட் வேரியபிளை மட்டும் மாற்றினால் இயல்பான அமைப்பில் புது வெர்ஷன் உருவாகாது. அலியாஸ் பழைய மதிப்போடு ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் கன்சோலில் புதியதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதற்கு ‘ஆட்டோ பப்ளிஷ் அலியாஸ் ஆல் ப்ராப்பர்டீஸ்’ என்று தனி வரி இருக்கிறது.

கேனரி ஓடும் 5 நிமிடமும் பழைய கோடும் புதிய கோடும் ஒரே டேபிளைத் தொடும். ஆகவே டேபிளில் நெடுவரிசை சேர்ப்பது முந்தைய ரிலீஸில், நெடுவரிசையை நீக்குவது அடுத்த ரிலீஸில். பெயர் மாற்றம் என்பது ஒரே ரிலீஸில் நடக்கும் காரியம் இல்லை.

லாக் குரூப்பையும் டெம்ப்ளேட்டில் எழுதுங்கள், தக்கவைப்பு 30 நாள். எழுதாவிட்டால் லாம்டா தானே உருவாக்கும், காலாவதியே இல்லாமல். ஒருமுறை அப்படி உருவாகிவிட்டால் பின்னால் டெம்ப்ளேட்டில் சேர்க்கும்போது ‘ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்’ என்று ஸ்டாக் திரும்பிவிடும். உங்களுடையதில் ஏற்கெனவே இருப்பதால் இம்போர்ட் செய்யுங்கள், அல்லது பழையதை ஏற்றுமதி செய்துவிட்டு அழியுங்கள். கேட்வேயின் ஆக்சஸ் லாகையும் திறந்து, அதில் இன்டக்ரேஷன் எர்ரர் மெசேஜ் புலத்தைச் சேருங்கள். திண்ணைக்காரன் சொன்ன முகமூடிகளில் பாதி அந்த ஒரே புலத்தில் கழன்றுவிடும். ரெஸ்ட் வகையில் லாக் எழுத ஒரு ஐஏஎம் ரோலை ஏபிஐ கேட்வேயின் கணக்கு அளவிலான செட்டிங்ஸில் ஒருமுறை கொடுக்கவேண்டும்.

---

மடைவாய்

எச்டிடிபி ஏபிஐ கேள்வி விட்டுப்போனது. 10 லட்சத்துக்கு 3.50க்குப் பதில் 1 டாலர், ஜேடபிள்யூடி (கையொப்பமிட்ட உள்நுழைவு டோக்கன்) ஆதரைசர் உள்ளேயே உண்டு, கோர்ஸ் அமைப்பும் எளிது. ஆனால் உங்கள் அளவில் மாதம் 75 சென்ட் மிச்சம். அதற்காக ஈவென்ட் வடிவம் மாறும்: பேலோட் 2.0இல் ‘எச்டிடிபி மெத்தட்’ மேல்மட்டத்தில் இருக்காது, ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்டுக்குள் போய்விடும். கோட் முதல் வரியிலேயே ‘கீ எர்ரர்’ தரும். பேலோட் 1.0 என்று அமைத்து ஒட்டுப்போடலாம். யூசேஜ் ப்ளான், ஏபிஐ கீ, நேரடி வாஃப் (வெப் தீச்சுவர்) இணைப்பு ஆகியவை அங்கே இல்லை. கிளினிக்குகளுக்குத் தனித்தனி வரம்பு வைக்கும் எண்ணம் இருந்தால் ரெஸ்ட்டிலேயே இருங்கள். ஏபிஐ கீயை மட்டும் உள்நுழைவாகக் கருதிவிடாதீர்கள், அது எண்ணிக்கைக்கு மட்டும்.

---

திண்ணைக்காரன்

டைனமோ டேபிளுக்கு டிடிஎல் (வரிசை தானாக அழியும் நேரம்) போடப்போகிறீர்கள் என்றால் ஒன்று: டிடிஎல் அழிக்கும் ஒவ்வொரு வரிசையும் ஸ்ட்ரீமில் ‘ரிமூவ்’ நிகழ்வாக வரும். ஈவென்ட் ஃபில்டரில் ‘இன்சர்ட்’ மட்டும் என்று வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் பழைய டோக்கன் காலாவதியாகும்போது எஸ்எம்எஸ் ஃபங்ஷன் மறுபடி எழுந்திருக்கும்.

---

வரிசைஎண்

512 எம்பி, பாண்டாஸ் வெளியே: முதல் அழைப்பு 1.3 நொடி. ப்ரொவிஷண்ட் வாங்கவில்லை. ஃபில்டர் சேர்த்தாயிற்று. ரெஸ்ட்டிலேயே இருக்கிறோம், கிளினிக் வாரியாக வரம்பு தேவைதான். லாக் குரூப் நீங்கள் சொன்னபடியே ‘ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்’ என்று விழுந்தது, இம்போர்ட் செய்துகொண்டிருக்கிறேன்.